கார்ப் பந்தயமும் காணச் சென்றோரும்

சித்திரை பிறந்து, புத்தாண்டுப் பலகாரங்கள் டின்னின் அடியைத் தொடும் வேளையில், கொஸ்லந்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் இளைஞரின் பேச்சு தியத்தலாவையை நோக்கித் திரும்புவது நெடுநாள் வழக்கமாக இருந்து வந்தது. அங்குள்ள இராணுவக் கல்லூரியின் எல்லைக்குள், ஃபொக்ஸ் ஹில் என்னும் குன்றின் அடிவாரத்தில், 1990களில் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த 'சுப்பர் குரோஸ்' கார்ப் பந்தயத்தைப் பற்றிய பேச்சு அது. அதனைப் பற்றி எழுதுமாறு எமது மாணவர் சிலர் கேட்டிருக்கின்றனர். பெற்றோர் ஒருவரோ, "இத்தகைய பந்தயங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா, கூடாதா? ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். ஒரு சொல்லில் பதில் சொல்லத்தக்க விடயமாயின் இப்பகுதியில் அதனை எழுதவேண்டிய தேவையே இராது.

2019ஆம் ஆண்டுக்கு முந்திய ஒரு சித்திரையில் நாமும் நண்பர் நால்வரும் அங்கு சென்றிருந்தோம். இருவர் ஆசிரியர், ஒருவர் தபாற்கந்தோரில் கடமையாற்றியவர், நான்காமவர் கொஸ்லந்தையில் வாகனம் திருத்தும் தொழிலாளி. எமது குழுவில் கார் என்றால் இன்னதென்று உண்மையில் அறிந்தவர் அவர் ஒருவரே. மற்றையோர் காரைப் பற்றி அறிந்ததெல்லாம் அது சிலவேளை ஓடும், சிலவேளை ஓடாது என்பது மட்டுமே.

சனிக்கிழமை மாலை ஒரு வாடகை வானில் புறப்பட்டோம். கொஸ்லந்தையிலிருந்து பெரகலைக்கு ஏறும் வீதியை அறிந்தவர்க்கு அதனை வருணிக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் மலைச்சுவர். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தெற்குச் சமவெளி. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்லும் உல்லாசப் பயணிகள் இவ்வீதியின் அழகைப் புகழ்வர். அதில் நாள்தோறும் பஸ்ஸில் செல்வோர் அதன் வளைவுகளை எண்ணுவர். பெரகலையில் தேநீர் அருந்தி, ஹப்புத்தளை மூடுபனியைக் கடந்து, அன்றிரவு பண்டாரவளையில் நண்பர் ஒருவரின் உறவினர் வீட்டில் தங்கினோம். இரவு நெடுநேரம் வரை பேச்சு நடந்தது. அதில் பாதி, கார்களைப் பற்றிய சண்டை.

தியத்தலாவையின் வரலாறு மாணவர் அறிந்திருக்க வேண்டியது. தென்னாபிரிக்காவில் நடந்த போவர் யுத்தத்தில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்களை 1900ஆம் ஆண்டில் கப்பலேற்றிக் கொண்டுவந்து இங்கேதான் வைத்தனர். அன்று தொட்டு இது படையினரின் ஊர். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் ஓய்வுக்காக இங்கு வந்திருந்தபோது, குன்றின் சரிவில் வெள்ளைக் கற்களை அடுக்கி ஒரு நரியின் உருவத்தை அமைத்தனர். கப்பலின் பெயரே குன்றின் பெயராயிற்று. கடலைக் காணாத மலைநாட்டில் ஒரு கப்பலின் பெயர் தங்கிவிட்டது விந்தையன்றோ!

ஞாயிறு காலை நாம் கண்ட கூட்டத்தை எவ்வாறு சொல்வது? தேர்த் திருவிழா என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். கொழும்பிலிருந்து வந்த செல்வந்த இளைஞர் ஒருபுறம். வெலிமடை, பதுளை, பண்டாரவளைப் பகுதிச் சிங்களக் கிராமத்துக் குடும்பங்கள் ஒருபுறம். லொறிகளிலும் வான்களிலும் வந்திறங்கிய எமது தோட்டத்து மக்கள் ஒருபுறம். பாட்டிமார் வெற்றிலைப் பையுடன் வந்திருந்தனர். சோற்றுப் பொதிகளும் கடலைச் சுருள்களும் கைமாறின. குழந்தைகள் தந்தையரின் தோள்மீது. முன்பின் அறியாத சிங்கள முதியவர் ஒருவர் தமது பாயில் எமக்கு இடம் தந்து, கொக்கிஸும் தந்தார். இன பேதமின்றி ஊவா மக்கள் ஒரே இடத்தில் கூடி ஒரே திசையைப் பார்த்துக் கூச்சலிட்ட நாள்கள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள் இந்நாளும் ஒன்று. கார்ப் பந்தயம் வெறும் புகையும் இரைச்சலும் என்று கூறி ஒதுக்குவோர் இதனையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

அன்று ஓடியவை வேற்றுலகத்துக் கார்கள் அல்ல. அதுவே இப்பந்தயத்தின் கவர்ச்சி. ஃபோர்ட் லேசர், மஸ்டா முதலிய 1500 சீசீ கார்களுக்கென்று நமது நாட்டுப் பந்தயங்களில் தனிப் பிரிவே உண்டு. நமது ஊர்க் கடை முதலாளியும் ஓய்வு பெற்ற அதிபரும் சந்தைக்கு ஓட்டிச் செல்லும் அதே வகைக் கார்! ஆசனங்களைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாய்களால் கூண்டு அமைத்து, எஞ்சினைத் தீட்டி, பந்தயத்துக்கு விடுகின்றனர். மினி கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் தனித்தனியே ஓடின. மிட்சுபிஷி லான்சர், சுபாரு போன்ற வலிய கார்கள் வந்தபோது கூட்டத்தின் ஆரவாரம் குன்றுகளில் எதிரொலித்தது. ஆயினும் எமது வாகனம் திருத்தும் நண்பரின் கண் பழைய லேசர்களின்மீதே இருந்தது. "இதெல்லாம் கைவேலை, சேர். காசு வேலை இல்லை" என்றார்.

அவர் சொல்லில் ஒரு பெருமை இருந்தது. கொழுந்து பறித்த தாய்க்கும் கவ்வாத்து வெட்டிய தந்தைக்கும் பிறந்து, பத்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டு, பண்டாரவளையிலோ கொழும்பிலோ கராஜ் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, எண்ணெய்க் கறையுடன் தொழில் கற்ற இளைஞர் எமது தோட்டங்களில் அநேகர். பந்தயத்தில் வெல்லும் காரின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகளில் அவர்களுடைய கைகளும் உண்டு. பரிசுக் கிண்ணத்தை உயர்த்திப் பிடிப்பவரைப் பத்திரிகைகள் படம் பிடிக்கும். எஞ்சினைப் பூட்டியவனோ வேலிக்கு வெளியே நின்று, ஓசையைக் கேட்டே தன் வேலை சரியா பிழையா என்று அறிந்துகொள்வான்.

சாதாரணக் காரையே பந்தயக் காராக்கும் இவ்வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்த கதை சுவையானது. மதுவிலக்குக் காலத்திலும் அதன் பின்னரும் தென் மாநிலங்களின் மலைப்பகுதிகளில் திருட்டுச் சாராயம் காய்ச்சி விற்றோர், வரி அதிகாரிகளிடமிருந்து தப்பியோடுவதற்காகத் தமது கார்களின் எஞ்சின்களை வலுப்படுத்தினர். வெளித்தோற்றத்தில் சாதாரணக் கார், உள்ளே சிங்கம். யாருடைய கார் வேகமானது என்று அவர்களுக்குள் எழுந்த போட்டி, வயல்வெளிப் பந்தயமாயிற்று. 1948இல் பில் ஃபிரான்ஸ் என்பவர் இப்பந்தயங்களை ஒழுங்குபடுத்த நாஸ்கார் என்னும் சங்கத்தை நிறுவினார். 1959இல் டேடோனாவில் பெரும் ஓட்டரங்கும் எழுந்தது. கள்ளச் சாராயத்திலிருந்து கண்ணியமான கைத்தொழில் பிறந்தது என்று கூறலாம். (மாணவர் இதனை வேறுவிதமாக விளங்கிக் கொள்ளாதிருப்பாராக!)

நமது நாட்டிலும் இவ்விளையாட்டு புதியதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தமிழ்நாட்டிலோ, 1953இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஓட்டரங்கு ஒன்று திறக்கப்பட்டது. பிற காரியத்துக்காக அமைந்த நிலத்தில் ஓடுவதும், பந்தயத்துக்கென்றே அமைத்த நிலத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. பின்னையதில் கார் தவறினால் எங்கே போகும் என்பதை முதலிலேயே சிந்தித்துப் பாதையை வகுக்கின்றனர்.

இனி, இவ்வாரம் நாம் எழுத நேர்ந்த காரணத்துக்கு வருவோம்.

தியத்தலாவையில் நாம் பாயில் அமர்ந்த இடம் ஒரு வளைவின் உட்புறத்து மேட்டுச் சரிவு. அவ்விடத்தைத் தேர்ந்தவர் எமது வாகனம் திருத்தும் நண்பர். பாதைக்கு அண்மையில், வளைவின் வெளிப்புறத்தில், இன்னும் வசதியான இடம் இருந்தது. அங்கே நின்றால் கார்கள் முகத்துக்கு நேரே வந்து, கடைசி நொடியில் புழுதியை வாரி இறைத்துத் திரும்புவதைக் காணலாம். தபாற்கந்தோர் நண்பர் அங்கே போகத் துடித்தார். "அந்தப் பக்கம் வேண்டாம், ஐயா. கார் திரும்பாவிட்டால் அங்கேதான் வரும்" என்று தடுத்தார் வாகனம் திருத்துபவர். அவரைத் தபாற்காரர் கோழை என்று கேலி செய்தார்; எனினும் போகவில்லை. அன்று விபத்து எதுவும் நிகழவில்லை. மாலையில் புழுதி படிந்த முகங்களுடன் மகிழ்ச்சியாக ஊர் திரும்பினோம்.

2019க்குப் பின் ஐந்தாண்டுகள் அப்பந்தயம் நடைபெறவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், கொரோனா நோயும், பொருளாதார நெருக்கடியும் அடுத்தடுத்து வந்தன. மீண்டும் நடந்தது 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்று ஓட்டத்தின் நடுவே ஒரு கார் கவிழ்ந்தது. பாதையோரப் பணியாளர் மஞ்சட் கொடிகளை வீசி, பின்னால் வரும் கார்களை வேகம் குறைக்குமாறு எச்சரித்தனர். கார்கள் தொடர்ந்து பாய்ந்து வந்தன. அவற்றுள் சிவப்பு நிறக் கார் ஒன்று கட்டிழந்து, பாதையை விட்டு விலகி, நின்றிருந்தோர் மீது ஏறியது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி; பந்தயப் பணியில் நின்றோரும் சிலர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பந்தயம் நிறுத்தப்பட்டது, விசாரணைகள் தொடங்கின.

செய்தி கேட்ட இரவு, தபாற்கந்தோர் நண்பர் எமக்குத் தொலைபேசியில் அழைப்பெடுத்தார். அழைத்தாரே ஒழிய அதிகம் பேசவில்லை.

எட்டு வயதுக் குழந்தை எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதில்லை. பெரியோர் நிறுத்திய இடத்தில் அது நிற்கிறது. ஆகவே இவ்விடயத்தில் 'விதி' என்று கூறிப் பெருமூச்சு விட்டு விலகுதல் எமக்கு உடன்பாடன்று. கட்டிழந்த கார் எத்திசையில் போகும் என்பது சோதிடமன்று, கணிதம்.

உலகம் இக்கணிதத்தைக் கொடிய விலை கொடுத்தே கற்றது. 1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்ஸ் நாட்டின் லெ மான் நகரில் மேர்சிடஸ் கார் ஒன்று முன்னே சென்ற காரில் மோதிச் சிதறி, பார்வையாளர் நெருங்கி நின்ற பகுதியில் பாய்ந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவ்வளவின் பின்னும் ஓட்டம் நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் வீடு திரும்பும் கூட்டம் வீதிகளை அடைத்து, நோயாளர் வண்டிகளை மறித்துவிடும் என்பது நடத்தியோர் கூறிய நியாயம். இவ்வழிவின் பின் சுவிற்சர்லாந்து தன் நாட்டில் வட்டப் பாதைக் கார்ப் பந்தயத்தையே தடைசெய்து, அரை நூற்றாண்டுக்கு மேல் அத்தடையைக் காத்தது. இரண்டே ஆண்டுகளில், 1957இல், இத்தாலியின் 'மில்லே மிலியா' என்னும் ஆயிரம் மைல் பந்தயத்தில் கார் ஒன்றின் சக்கரம் வெடித்து, ஓட்டியவர் இருவருடன் வீதியோரம் நின்ற ஒன்பது பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். பொது வீதிகளில் நிகழ்ந்த அப்பந்தயம் அத்துடன் முடிந்தது. 1986இல் போர்த்துக்கல் நாட்டு ரலியில் வீதியின் விளிம்பில் நெருங்கி நின்ற கூட்டத்தில் கார் புகுந்தபின், அவ்வகை அதிவேகக் கார்களை அவ்வாண்டுடன் உலகப் போட்டிகளிலிருந்து விலக்கினர்.

இவற்றுள் எமக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது உயிரிழப்பே நேராத ஒரு நிகழ்ச்சி. 1987இல் அமெரிக்காவின் டல்லடேகா ஓட்டரங்கில், மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பொபி அலிசன் என்பவரின் கார் வானிற் கிளம்பிப் பார்வையாளர் முன்னிருந்த கம்பி வேலியில் மோதியது. வேலி கிழிந்தது, ஆனால் காரைத் தாங்கியது. பார்வையாளர் சிலர் காயமடைந்தனர். ஒருவரும் சாகவில்லையே என்று அவர்கள் வாளாவிருக்கவில்லை. மறு ஆண்டே, எஞ்சினுக்குட் செல்லும் காற்றைக் குறைக்கும் துளைத்தகடு ஒன்றை அத்தகைய பெரும் அரங்குகளில் கட்டாயமாக்கி, கார்களின் வேகத்தையே குறைத்தனர். பிணம் விழுந்தபின் திருந்துவது ஒரு வகை. விழாமலே திருந்துவது மற்றொரு வகை.

கொஸ்லந்தை மக்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை சரிந்து மூடியது. அச்சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. லயத்தில் வாழ்ந்தோர்க்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. ஆகையால் இரண்டையும் ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாது. பந்தயம் பார்ப்பவனுக்கு நிற்க வேறிடம் உண்டு. எனினும் மேலிருந்து வருவது எங்கே வந்து விழும் என்பதை நிலமே காட்டிக் கொடுத்துவிடும் என்ற அளவில் இரண்டும் ஒன்றே.

நமது பெற்றோர் நண்பருக்கு நாம் கூறுவது இதுதான்: அனுப்புக, ஆனால் தனியே அனுப்பாதீர். தாமும் உடன் செல்க. கார் பாய்ந்தால் தடுக்க வேலியோ மண்மேடோ பாதைக்கும் பிள்ளைக்கும் இடையே உண்டா என்று முதலிற் பார்க்க. வளைவின் வெளிப்புறத்திலும், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்திலும், பாதையைவிடத் தாழ்ந்த நிலத்திலும் நிற்கற்க. ஒரு கார் கவிழ்ந்தால் கூட்டம் அதனைக் காண ஓடும். அதுவே மிகக் கொடிய கணம், அடுத்த கார்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. மஞ்சட் கொடி ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. அதனைக் கண்ட பார்வையாளரும் பின்வாங்குதல் வேண்டும். இவ்வளவும் இயலாத இடமாயின், நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசு போனாற் போகட்டும் என்று திரும்பி வருக. பந்தயம் நடத்துவோர்க்கும் ஒரு சொல்: பணிக்கு நிற்கும் பிள்ளைகளும் ஒரு வீட்டுப் பிள்ளைகளே, கொடி பிடிப்பவனுக்கு ஒதுங்க ஒரு மறைப்புச் சுவர் இல்லாத இடத்தில் அவனை நிறுத்துதல் தகாது.

பந்தயத்தையே ஒழிக்க வேண்டும் என்பார் கூற்றை நாம் ஏற்கவில்லை. ஒழுங்கான பாதையில் ஓடுவதை ஒழித்தால், ஒழுங்கற்ற பாதையில் ஓடுவது பெருகும். பெரகலை வீதி வளைவுகளில் முச்சக்கர வண்டிகளையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் போட்டிக்கு விரட்டும் இளைஞரைக் காணாதார் யார்? அங்கே கொடியுமில்லை, வேலியுமில்லை. எதிரே பஸ் வரும்.

இதனை வகுப்பிற் பேசியபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "பிரேக் போட்டால் நின்றுவிடும்தானே, சேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கரும்பலகையில் கணக்கிட்டோம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் என்றால் நொடிக்கு 28 மீற்றர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்துமுன் ஒரு நொடி கழிந்துவிடும். 28 மீற்றர் போயிற்று. உலர்ந்த தார் வீதியில், அதன்பின் நிற்க ஏறக்குறைய 50 மீற்றர் வேண்டும். புழுதி மண்ணில் சக்கரத்தின் பிடி குறைவு; 80 மீற்றர் வரை செல்லும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. மண் பாதையில் மொத்தம் 108 மீற்றர் என்று விடை வந்தது. பிள்ளைகளின் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. எண் எண்ணாகவே இருந்தது.

ஆகவே அவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்றோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்காகச் சுண்ணாம்பால் கீறிய 100 மீற்றர் ஓட்டப் பாதை அழியாமல் இருந்தது. தொடக்கக் கோட்டில் ஒருவனை நிறுத்தி, அவன்தான் கார் என்றோம். முடிவுக் கோட்டையும் தாண்டி இன்னும் எட்டு மீற்றர் அளந்து ஒரு கல்லை வைத்தான் வேறொருவன். போட்டி நாளில் தாய்மாரும் தம்பி தங்கையரும் அமர்வதற்கு வாங்குகள் போடப்படும் இடம் அது.